தட்டு நடுங்கும் வேகம்

இயற்பியல் கலைச்சொல் அகராதிக் குழு 'அ'வில் கிளம்பிப் பதினோரு ஆண்டுகளில் 'ஒ'வுக்கு வந்து சேர்ந்திருந்தது. வழியில் 'உராய்வு' என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. உறுப்பினர்களிடம் அது கைவசம் நிறைய இருந்தது. இன்னும் ஒரு பக்கம்கூட அச்சேறவில்லை.

குழுத் தலைவருக்கு அலுவலகத்தில் 'முன்னுரை' என்று பெயர். யார் எதை எழுதினாலும் அதற்கு முன்னால் அவர் நாலு பக்கம் நிற்பார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், பயன்பாடு, எடுத்துக்காட்டு வாக்கியம் என்று மூன்று பகுதி. பொருள் எழுதப் பேராசிரியர்கள் அடித்துக்கொள்வார்கள். எடுத்துக்காட்டு எழுத ஆள் கிடைக்காது. அந்த வேலையை உதவிப் பதிப்பாசிரியர் தலையில் கட்டினார்கள். அவர் தம் வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதினார். 'ஆவியாதல்' துவைத்த துணியில் நடந்தது. 'இழுவிசை' அதைக் காயப்போட்ட கொடியில் இருந்தது. ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் முன்னுரை முக்கால் மணி நேரம் பேசினார். இறந்தவரும் அதில் ஐந்து நிமிடம் வந்துபோனார். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் மனைவி, கணவரின் புத்தகங்களைக் குழுவின் நூலகத்துக்குக் கொடுத்தாள். அவற்றை அணைத்தபடி முன்னுரை படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம், எடுத்துக்காட்டுகளில் சமையலறை வாடை வீசுகிறது என்று ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார். முந்நூற்றுச் சொச்சம் வாக்கியங்களில் ஒன்றுதான் மிஞ்சியது.

'ஒத்ததிர்வு: என் மனைவியின் தையல் இயந்திரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போது மட்டும் சுவர்ப் பலகையில் சாய்த்த தட்டு நடுங்கும், வேகம் கூடினாலும் குறைந்தாலும் அடங்கிவிடும்.'

இதற்குப் பதிலாக, படைவீரர்கள் ஒரே சீராக நடந்து பாலத்தை இடித்த கதையை முன்னுரை எழுதி வைத்திருந்தார். குழுவின் எழுத்தர் குறுக்கே விழுந்தார். எந்த எடுத்துக்காட்டையும் நேரில் சரிபார்க்காமல் நீக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. கீழே முன்னுரையின் கையெழுத்தே இருந்தது.

எழுத்தர் இறந்தவரின் வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணி, அண்ணன் எழுதினதுல இது ஒண்ணுதான் பாக்கி. அவங்க வர்றப்ப தட்டு ஆடிட்டாப் போதும். யாராலயும் கை வைக்க முடியாது."

"அது ஆடாம எங்க போகும் தம்பி? பதினெட்டு வருஷமா என் உயிரை வாங்குது. அது ஆடினா உங்க அண்ணன் தலைய நிமிர்த்த மாட்டார். எழுதிக்கிட்டே, 'வேகத்த மாத்து'ன்னுவார். அதுக்குன்னே சில நாள் மாத்த மாட்டேன்."

சரிபார்ப்புக் குழுவாக முன்னுரையும் ஒரு பேராசிரியரும் எழுத்தரும் வந்தார்கள். பேராசிரியர் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். முன்னுரை பிஸ்கட்டை எடுத்தார்.

அவள் உட்கார்ந்து மிதித்தாள். மெதுவாக, பிறகு சற்று வேகமாக. அந்த வேகம் அவள் காலுக்குத் தெரியும். அது வந்தது, கடந்தது. தட்டு தேமே என்று இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமா, அம்மா," என்றார் பேராசிரியர்.

முழங்கால் வலிக்க மிதித்தாள். இயந்திரமே ஆடியது. தட்டு ஆடவில்லை.

"வருந்துகிறேன் அம்மா," என்றார் முன்னுரை, வீட்டுக்குள்ளும் எழுத்துத் தமிழை விடாமல். "அறிவியலுக்கு உற்றார் உறவினர் கிடையாது."

எழுத்தர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணி, அந்தப் பலகையில வேற என்ன இருந்துச்சு?"

"அவர் புத்தகந்தான். முழுக்க."

பேராசிரியர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். "பாரம் இறங்கிடுச்சு. அதனால பலகை அதிர்ற வேகமும் ஏறிடுச்சு. இந்த மெஷினு அந்த வேகத்துக்குப் போகாது."

"அப்ப நான்தான் தூக்கிக் கொடுத்துட்டேனா?" என்றாள் அவள்.

எழுத்தர் முன்னுரையின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒரு நாளைக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து வச்சுப் பார்த்தா?" என்று எழுத்தர் கேட்டார்.

"பதிவேட்டில் ஏறிய நூல் வெளியே போகாது."

"சரிங்க ஐயா. பாலத்தை என்னைக்குப் போய்ச் சரிபார்க்கலாம்?"

"அது உலகறிந்தது," என்று முன்னுரை எழுந்தார். மடியிலிருந்த பிஸ்கட் தூள் தரையில் உதிர்ந்தது.

'மெய்ப்பிக்கப்படவில்லை' என்ற குறிப்பின் கீழ் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். முதலில் பேனா எழுதவில்லை. எழுத்தரிடம் இரவல் வாங்கிப் போட்டார்.

மறுநாள் காலை அவள் அரிசி டின்னைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். உட்கார்ந்து மிதித்தாள். ஒன்றுமில்லை. எழுந்து இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். மிதித்தாள். வாடிக்கைக்காரர்களின் துணி மூட்டை, சுத்தியல், பூட்டு, யாரும் வாங்கிக்கொள்ளாத அவருடைய செருப்பு என்று ஒவ்வொன்றாக ஏறின. செருப்பைத் தட்டோடு வைப்பதா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு வைத்தாள்.

மிதித்தாள். வேகம் வரும் வழியிலேயே முதலில் ஒரு சின்னக் கிணுகிணுப்பு. பிறகு தட்டு முழுதாக நடுங்கியது, பழைய இடத்தில், பழைய வேகத்தில்.

எழுத்தருக்குச் சொல்லலாம் என்று தொலைபேசிப் பக்கம் கை போனது. குறிப்பில் கையெழுத்து ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டாள். கால் மட்டும் நிற்கவில்லை.

கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஊசிக்கடியில் துணி இல்லை. தட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் உட்கார்ந்து எழுதும் மேசைப் பக்கமிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

"மாத்த மாட்டேன்," என்றாள்.