நான்காவது மர்டினா

குழந்தைக்கு கோர்முல் என்று பேர் வைக்கப்போவதாக ஷோனக் வாய்திறந்து சொன்ன அன்றே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. லூயிஸ் தீவின் அந்த வடகோடியில் காற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் செய்தி பரவக் காற்று எதற்கு? அவள் மாமியார் மர்டினா ஒருத்தி போதும்.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் சால்வையை விலக்கி முகத்தைப் பார்க்கும் முன்பே பேச்சை எடுத்தார்கள்.

"கோர்முல்னா சூனியக்காரி பேராச்சே. கடலக் கலக்கிப் படகக் கவுத்தவ," என்றாள் பக்கத்து வீட்டு கேட்டி ஆன், ஸ்கோன் ரொட்டியில் வெண்ணெயை அப்பிக்கொண்டே. அவள் ஆயுளில் ஒரு படகில் ஏறியவள் இல்லை.

"அக்கா, அது எங்க பெரியம்மா பேரு," என்றாள் ஷோனக்.

"அந்தத் தெக்கத்தி ஹாரிஸ்காரிதானே," என்றாள் மாமியார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது அவள் நினைப்பு. "எடின்பரோலேருந்து வந்து வீடு வாங்குறாங்களே, அவங்கதான் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி இந்த மாதிரி பழைய கேலிக் மொழிப் பேரா வைக்கிறாங்க. நமக்கென்ன பேருக்குப் பஞ்சமா?"

பஞ்சம்தான். ஆணுக்கு அந்த ஊரில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். பெண்ணென்றால் அதே பேருக்கு ஒரு வால். மர்டோவின் பேத்தி மர்டினா, டொனால்டின் பேத்தி டொனால்டினா. ஆண் பிள்ளை பிறக்காத ஏமாற்றத்தைப் பெண்ணின் தலையில் ஆயுசுக்கும் கட்டுகிற புத்திசாலிகள், அசலான பழைய பேரைக் கேட்டால் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

ஷோனக்கைத் தாயில்லாக் குறை தெரியாமல் வளர்த்தவள் பெரியம்மா கோர்முல். கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். செத்தவர் பேரை ஒரு பிள்ளை சுமந்தால்தான் அந்தத் தீவில் அவர் பேச்சு வீட்டில் அடிபடும். ஷோனக்கின் பிள்ளையை விட்டால் கோர்முலுக்கு வேறு யாரும் கிடையாது.

ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்பதும் பேரைச் சொல்வதும் தகப்பன். தாய் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. ஆக எல்லாம் அவள் புருஷன் ரோரி கையில்.

"நான் சொல்லிடுறேன் ஷோனக். எங்கம்மாவுக்கு நான் பயப்படுற ஆளா?"

முரட்டுக் கிடாவைக் கொம்பைப் பிடித்து மடக்குகிறவன்தான். அம்மா இருமினால் மட்டும் உட்கார்ந்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் குனிந்து பேர் கேட்டார். முன்பெஞ்சில் மர்டினா தொண்டையைச் செருமினாள். ரோரி ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தான்.

"மர்டினா," என்றான்.

ஷோனக்குக்குப் பெரியம்மாவை இன்னொரு முறை புதைத்தாற்போல இருந்தது. பிரசங்கத்தின் நடுவே மாமியார் திரும்பி அவளிடம் ஒரு புதினா மிட்டாயை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"அம்மா மொகத்தப் பாத்தேனா, வாயில அதான் வந்துச்சு," என்றான் ரோரி வீட்டுக்கு வந்ததும்.

"உன் வாய் உன்னோடதுன்னு நெனச்சேன்."

அவன் அடுப்பில் கரிமண் கட்டியைப் போடப் போய்விட்டான். மறுநாள் காலையில் மர்டினா வெற்றிச் சிரிப்போடு வந்து, அவர்கள் வீட்டுத் தொலைபேசியிலேயே தங்கச்சியைக் கூப்பிட்டாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுடி. மர்டினாதான்... நான் இல்லடி, பிள்ளை. செவப்பு மர்டினாவா? அது அலஸ்டர் பொண்ணு. பஸ் ஓட்டுற மர்டினாவும் இல்ல. ரோரி பொண்ணு... எந்தப் பொண்ணா? அவனுக்கு இருக்கிறதே ஒண்ணுதானேடி... அதான், அந்த கோர்முல். ஆமா, நம்ம கோர்முல்."

வைத்தபின்தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் கேட்டி ஆன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கோர்முல் தூங்குதா?"

ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே பேசிப் பேசி அந்தப் பேர் ஊர் வாயில் ஒட்டிவிட்டது; அப்படி ஒட்டிய பட்டப்பேர் கல்லறை வரைக்கும் வரும். ஞானஸ்நானப் பேரை அதற்கப்புறம் எவரும் தேடுவதில்லை. ரோரிக்கு அப்பாடா என்றிருந்தது.

"பாத்தியா, கடைசில நீ கேட்டதே ஆயிடுச்சு," என்றான்.

"ஆச்சு," என்றாள் ஷோனக், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. "பேரு வச்சது உங்கம்மா. இவ வளந்து கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்."