சுரையாவின் ஆறு படங்கள்

சேலத்திலிருந்து ஃபிலிம் ரோலும் பேப்பரும் கொண்டுவரும் வெங்கடாசலம் மாதத்துக்கு ஒருமுறை தர்மபுரிக்கு வருவார். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் இத்தனை ரோல், இத்தனை பாக்கெட் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஷகிலா மட்டும் எங்கேயும் இல்லாத சரக்காகக் கேட்பாள்.

"ஃப்ளாஷ் அடிக்காம, வூட்டுக்குள்ள இருக்கிற வெளிச்சத்துலயே எடுக்கிற மாதிரி லென்ஸ் இருந்தா கொண்டாங்கண்ணா. குழந்தைங்க மெரளுதுங்க."

"அப்புறம்?"

"நான் நின்ன எடத்துலயே நிக்கணும். லென்ஸ் மட்டும் கிட்டப் போயி மொகத்தப் பாத்துட்டு வரணும்."

"அது ஃபாரின்ல இருக்குது. வெலையக் கேட்டா மயக்கம் வந்துடும். அப்புறம்?"

"எடுத்த படம் எடுத்த ஒடனே கேமரா முதுகுலயே தெரியணும். கண்ணு மூடியிருந்தா அங்கயே தெரிஞ்சுபோவும். இன்னொண்ணு எடுத்துக்கலாம்."

வெங்கடாசலம் பையை மூடிக்கொண்டே சிரிப்பார். "அப்படி ஒண்ணு வந்துட்டா நான் எதம்மா விக்கிறது?"

ஷகிலாவும் சிரிப்பாள். 1984 கோடை வரைக்கும் அது வெறும் விளையாட்டுப் பேச்சுதான்.

அவள் கணவன் அப்துல் சுபானுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டூடியோ. கல்யாணமாகி வந்த புதிதில் ஷகிலா படங்களின் ஓரம் வெட்டிக் கொடுப்பதோடு சரி. ஆனால் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் இருக்கும் அறைக்குள் சுபானை விடமாட்டார்கள். மணப்பெண்ணின் படமே இல்லாமல் ஆல்பம் முடிந்துவிடும். ஒருநாள் அவர் கேமராவை அவள் கையில் கொடுத்து, கேமராவுக்குள் தெரியும் வட்டம் எது, வெளிச்சம் எது என்று காட்டி உள்ளே அனுப்பினார். பத்து வருஷத்தில் பாலக்கோடு, நல்லம்பள்ளி வரைக்கும் அவள் பேர் பரவிவிட்டது. முஸ்லிம் வீடுகள் மட்டுமில்லை, பெண்ணை ஆம்பளை முன்னால் நிறுத்தக் கூச்சப்படுகிற எல்லா வீடுகளும் அவளைத்தான் கூப்பிட்டன.

அந்த ஏப்ரலில் பாலக்கோட்டிலிருந்து அஸ்கரி பேகம் என்ற அம்மாள் ஆள் அனுப்பியிருந்தாள். மகன் அப்துல் ரஷீத் சவுதியில் கட்டட வேலை. மருமகள் அமீனா மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது விமானம் ஏறியவன். பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. சுரையா என்று பேர் வைக்கச் சொல்லிக் கடிதம் போட்டவன், அதற்குப் பின் எழுதிய எல்லாக் கடிதங்களிலும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான்: குழந்தையின் போட்டோ.

திங்கட்கிழமை காலை ஷகிலா பஸ்ஸில் போய் இறங்கினாள். அமீனாவுக்கு இருபது வயதுகூட இருக்காது. குழந்தைக்கு மஞ்சள் கவுன் போட்டு, தலையைப் படிய வாரி, எட்டு மணியிலிருந்து தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு சின்ன ஜன்னல் இருந்த அறை. கேமராவில் ரோல் முடிந்திருந்தது. ஷகிலா புது ரோலை மாட்டும் நேரத்தில் குழந்தை கட்டில் விளிம்புக்கு உருண்டுவிட்டது. "புடி புடி!" என்று அவளே கத்தினாள். கண்ணைக் குழந்தை மேல் வைத்தபடியே கேமராவின் முதுகை மூடினாள்.

முதல் ஃப்ளாஷுக்குக் குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. அமீனா தோளில் போட்டுத் தட்டிச் சமாதானம் பண்ணினாள். சிரித்ததும் ஷகிலா அடுத்ததை எடுத்தாள். மறுபடி அழுகை. ஆறு படம் எடுப்பதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

"போதும்மா, இதுல ரெண்டாவது நல்லா வரும். வெள்ளிக்கெழம அனுப்பி வெக்கிறேன்."

"கவுன் நிறம் தெரியுமாக்கா?"

"கருப்பு வெள்ளைதான். நீ லெட்டர்ல மஞ்சள்னு எழுதிடு."

அமீனா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அன்றைக்கே எழுதிப் போட்டும்விட்டாள்: போட்டோ எடுத்தாயிற்று, கவுன் மஞ்சள்.

அதே ரோலில் செவ்வாயும் புதனும் வேறு வேலைகள். புதன்கிழமை சாயங்காலம் நல்லம்பள்ளியில் தீர்த்தம்மாள் என்ற பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கேமரா மேல் ஓடும் படக் கணக்கு எண் முப்பத்தாறைத் தாண்டியது. மிஞ்சினால் முப்பத்தெட்டில் ஃபிலிம் தீர்ந்து, அதை நகர்த்தும் லிவர் இழுபடாமல் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. முப்பத்தொன்பது, நாற்பது என்று லிவர் வெண்ணெயில் ஓடுவது போல ஓடியது.

வீட்டுக்கு வந்து இருட்டறையில் கேமராவைத் திறந்து தடவிப் பார்த்தாள். ஃபிலிமின் நாக்கு எதிர்ப்பக்கச் சுருளில் மாட்டவே இல்லை. முப்பத்தாறு படத்துக்கான ஃபிலிமும் டப்பிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. நகர்ந்தது எண் மட்டும்தான். லிவரை இழுக்கும்போது இடதுபக்கக் குமிழ் சேர்ந்து சுற்றுகிறதா என்று பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பார்க்காமல் விட்டது அவள்தான்.

"மூணு நாள் ஒழைப்பு போச்சு," என்றாள் சுபானிடம். "நாளைக்கு மொத பஸ்ஸுல பாலக்கோடு போயிட்டு வந்துடறேன்."

"நாளையிலருந்து சனி வரைக்கும் நிக்காஹ் இருக்குதில்ல? ஒத்துக்கிட்டாச்சு. ஞாயித்துக்கெழம போ. கொழந்த எங்க ஓடிப் போயிடப் போவுது?"

அவள் ஞாயிற்றுக்கிழமை போனாள்.

தெரு முனையிலேயே தெரிந்துவிட்டது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஆண்கள் தெருவோரம் கூடி நின்றார்கள். வியாழக்கிழமை ராத்திரி குழந்தைக்கு வாந்தியும் பேதியும் தொடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி. சனிக்கிழமை விடியும்போது போய்விட்டது. அன்று மதியமே அடக்கம் முடிந்தாயிற்று.

ஷகிலாவின் தோளில் கேமராப் பை தொங்கியது. அதில் புது ரோல், இந்த முறை நான்கு தடவை சோதித்து மாட்டியது. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அமீனா அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது. அழுகை வரவில்லை.

"நல்லவேளை, போன வாரமே எடுத்தீங்கக்கா. அவருக்குக் காட்ட அது ஒண்ணாவது இருக்குது. எப்பக்கா வரும்?"

ஷகிலா வாயைத் திறந்தாள். சுற்றி இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஃபிலிமக் கழுவணும்மா," என்றாள்.

அந்த ஒரு சொல்லை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது, வியாழக்கிழமை காலையில் அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டுதானே இருந்திருக்கும் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. காலை முதல் பஸ், ஒரு மணி நேர வேலை, மதியத்துக்குள் திரும்பியிருக்கலாம்.

விஷயத்தைச் சுபானிடம் சொன்னாள். தான் சொன்ன வார்த்தை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அஞ்சு மாசத்துல எல்லாக் கொழந்தையும் ஒரே மாதிரிதான் இருக்கும். நம்ம நெகட்டிவ் பொட்டியில தேடுனா ஒண்ணு கெடைக்கும். அந்தப் பையன் கொழந்தையப் பாத்ததே இல்ல. நேரா சவுதிக்கே தபால்ல போட்டுடலாம். அவனுக்காவது ஆறுதலா இருக்கும்."

அவர் கெட்ட மனிதரில்லை. அதனால்தான் அந்த யோசனை அவளை இழுத்தது. பெட்டியில் தேடினாள். ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை, கொழுகொழுவென்று, பொக்கை வாயோடு. பிரிண்ட் போட்டாள். சிவப்பு விளக்கின் கீழ் தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் முதலில் கண், பிறகு வாய் என்று முகம் எழுந்து வந்தது. யாரோ ஒரு குழந்தை யாரோ ஒரு அப்பனைப் பார்த்துச் சிரித்தது. அவன் இதைச் சட்டைப் பையில் வைத்திருப்பான். முத்தம் கொடுப்பான். ஊருக்கு வரும்போது எடுத்துக் காட்டுவான், அமீனாவிடம். ஷகிலா ஈரப் பேப்பரை அப்படியே கசக்கிப் போட்டாள்.

அடுத்த நாளே பாலக்கோடு போனாள். அமீனாவையும் அஸ்கரி பேகத்தையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னாள். ஃபிலிம் மாட்டாதது, புதன்கிழமையே தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியது, கழுவணும் என்று பொய் சொன்னது, எதையும் விடவில்லை.

அஸ்கரி பேகம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆறு தடவ லைட்டு அடிச்சீங்க," என்றாள் அமீனா. "ஆறு தடவையும் பயந்து அழுதுச்சு. அவரு பாக்கணும்னுதான் நானும் புடிச்சு புடிச்சு உக்கார வெச்சேன். அதெல்லாம் சும்மாவா?"

ஷகிலா அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"போங்கக்கா," என்றாள் அமீனா. குரலை உயர்த்தவில்லை.

அடுத்த மாதம் வெங்கடாசலம் வந்து, "இப்ப என்னம்மா வேணும்?" என்று வழக்கம்போலக் கேட்டார். "ஃபிலிம் பத்து," என்றாள். அதற்குமேல் பேசவில்லை. அவர் சுபானைப் பார்த்தார். சுபான் கையால் சைகை காட்டினார், விடுங்க என்று.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், ஒல்லியான ஒரு ஆள் கடைக்குள் வந்து நின்றான். வெளிநாட்டு வாட்ச் கட்டியிருந்தான்.

"ஷகிலா அக்கா நீங்கதானுங்களா? நான் பாலக்கோடு ரஷீத்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். திட்ட வந்திருக்கிறான் என்றே நினைத்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"உங்ககிட்ட சண்டை போட வரலைங்க. எங்கம்மாவுக்கு இப்ப கண்ணு சரியா தெரியாது, எதக் கேட்டாலும் அழுவுறாங்க. அமீனாகிட்டக் கேட்டா, 'எனக்கே மொகம் கலங்கிப் போச்சு'ங்கிறா. வெளியாளுங்கள்ல கொழந்தைய நின்னு நெதானமாப் பாத்தது நீங்க ஒருத்தருதான். நீங்க பாத்ததைச் சொல்லுங்க."

ஷகிலா உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினாள்.

"கேமராவுக்குள்ள நடுவுல ஒரு வட்டம் இருக்கும். அதுல மொகம் மேல கீழ ரெண்டு துண்டாத் தெரியும். ரெண்டும் ஒண்ணு சேர்ற வரைக்கும் திருப்பணும். அதனால நான் கண்ணத்தான் ரொம்ப நேரம் பாத்தேன். எமை நீளம். எடது கண்ணு எமையில ரெண்டு முடி அழுததுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கீழ ஒரே ஒரு பல்லு வெள்ளையா மொளைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. சிரிக்கும்போது மூக்கச் சுருக்கிக்கும். சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி ஒரு நொடி யோசிக்கிற மாதிரி நம்மளப் பாக்கும்."

"யாரு ஜாடைங்க?"

உங்க ஜாடைதான் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதற்குத்தான் வந்திருக்கிறான் என்பதும் தெரிந்தது.

"அமீனா ஜாடை," என்றாள். பிறகு அவனை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள். "காது மட்டும் உங்களோடது. மேல் ஓரம் மடங்காம இப்படியே விரிஞ்சு இருந்துச்சு."

ரஷீத் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட கையை எடுக்காமலே அழுதான். சுபான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

போகும்போது, நாளைக்கு அமீனாவைக் கூட்டி வருவதாகவும், சவுதிக்குத் திரும்பும் முன் இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னான். மறுநாள் ஷகிலா காலையிலேயே இரண்டு கேமராவிலும் ஃபிலிம் போட்டு வைத்திருந்தாள்.

அவன் தனியாகத்தான் வந்தான். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாளுங்க. அதுக்கு மேல கால் எடுத்து வெக்க மாட்டேன்னுட்டா. அங்கயே உக்காந்திருக்கிறா."

"நான் போயி கூப்பிடட்டுமா?"

"வேணாங்க. என்னை மட்டும் எடுங்க. அவகிட்ட இருக்கட்டும்."

ஒரு கேமராவில் மூன்று, இன்னொன்றில் மூன்று எடுத்தாள். ஒவ்வொரு முறையும் குமிழ் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டாள். அப்படியும் மனம் நிலைகொள்ளவில்லை. கதவோரம் நின்று பார்த்தபோது, தூரத்தில் பாலக்கோடு பஸ் நிற்கும் இடத்தில் கருப்புத் துப்பட்டா போட்ட ஒருத்தி இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ரஷீத் போய் ஏதோ சொன்னான். இருவரும் பஸ் ஏறினார்கள்.

படம் நன்றாக வந்திருந்தது. ரஷீத் விமானம் ஏறிய வாரத்தில், ஷகிலா அதை அட்டையில் ஒட்டி, அமீனாவின் பேர் எழுதி, பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினாள். வீட்டில் கொடுத்துவிட்டதாக அவர் வந்து சொன்னார். வாங்கியது யார் என்று அவள் கேட்டாள். கிழவிதான் கையை நீட்டி வாங்கியது, அந்தப் பொண்ணு உள்ளேயிருந்து வெளியே வரவில்லை என்றார் அவர்.