ஒரே தூரத்திலிருந்து

கணக்குக்காரிக்குத் தன் கோட்டின் மேல் அப்படியொரு நம்பிக்கை. மலைச்சரிவைத் தாங்கி நிற்கும் சுவரில் ஒரு விரிசல். மாதம் ஒருமுறை அதைப் படம் எடுப்பார்கள். படத்தில் அது எத்தனை புள்ளி அகலம் என்று கணினி எண்ணித் தரும். அந்த எண்களை மாதவாரியாக வைத்து அவை ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று காட்டும் ரிக்ரெஷன் கோடு போடுவாள். பத்து மாதமாகக் கோடு ஏறாமல் இறங்காமல் படுத்தே கிடந்தது. விரிசல் வளரவில்லை என்று கையெழுத்துப் போட்டாள். அதை நம்பித்தான் சுவரின் கீழிருக்கும் அடுக்குமாடிக்கு, பயந்து காலி செய்து போன ஆட்கள் திரும்பினார்கள். தங்கை குடும்பத்துக்கு அவளே பெட்டி தூக்கிக் கொடுத்தாள்.

இன்று மதியம் போட்டோக்காரர் அவள் மேசை முன் வந்து நின்றார்.

"மேடம், பெரிய லென்ஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்க, மாடியில ஏறி எடுத்துடறேன். இனிமே பின்னால போக இடமில்ல. அடுக்குமாடிச் சுவர்ல முதுகு முட்டுது."

"நீங்க எதுக்குப் பின்னால போறீங்க?"

"விரிசல் கிட்ட மண்ணு பொதபொதன்னு கிடக்கு, கால் உள்ள போகுது. மாசாமாசம் ஒரு அடி தள்ளி நின்னுதான் எடுக்கிறேன். நானும் பிள்ளைகுட்டிக்காரன்தானே?"

அவள் தன் அறிக்கையைப் புரட்டினாள். அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், அவளே எழுதியிருந்தாள்: எல்லாப் படங்களும் ஒரே தூரத்திலிருந்து எடுக்கப்பட்டவை எனக் கொள்ளப்படுகிறது. இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பாவி. பத்தடியில் தொடங்கியவர் இன்று இருபதடியில் நிற்கிறார். அப்படியானால் தள்ளித் தள்ளி நின்றும் படத்தில் சிறுக்காத விரிசல் நிஜத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லும்படி அவரை விரட்டிவிட்டு, தங்கையை அழைத்தாள்.

"பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு உடனே வெளிய வா."

"என்னக்கா, விளையாடுறியா? இப்பத்தான் ரெண்டையும் தூங்க வச்சேன். பயப்படாதன்னு நீதானே சொன்ன? உன் அறிக்கைய வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க."

"அது தப்புடி. நான் தப்பாப் போட்டுட்டேன். உன் கால்ல விழறேன், வா."

"அன்னைக்குச் சரிங்கிற, இன்னைக்குத் தப்புங்கிற." தங்கை சலித்துக்கொண்டாள். "இரு, தூறல் போடுது, ஜன்னலச் சாத்திட்டு வர்றேன்." ஏதோ கிறீச்சிட்டது. "சனியன், ஒரு வாரமா மூடவே மாட்டேங்குது. மழையில ஊறி உப்பிடுச்சு போல."

அந்த ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தவளே அக்காதான்.

"அது இரும்பு ஜன்னல்டி," என்றாள். "இரும்பு எங்கடி ஊறும்? உன் வீட்டுச் சுவரே நகருதுடி!"

மறுமுனையில் போன் தரையில் விழுந்த சத்தம். "எந்திரிங்க, எந்திரிங்க" என்று தங்கை பிள்ளைகளைப் பார்த்து அலறுவது கேட்டுக்கொண்டே இருந்தது.