மோசுல்காரியின் கஞ்சத்தனம்

என் அண்ணன் லுக்மான் போரில் செத்துப்போனான். பழைய நகரத்தில், எங்கள் வீடு இடிந்து விழுந்தபோது. இவ்வளவுதான் சொல்வேன், மேற்கொண்டு கேட்காதீர்கள். மோசுல்காரர்கள் கஞ்சர்கள் என்று நாடு முழுக்கப் பேச்சு. பாக்தாதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு ஊற்றும் தேநீரின் அளவை வைத்துக் கிண்டலடிக்காமல் எழுந்து போகமாட்டார்கள். கிண்டலடித்துக்கொள்ளட்டும். எதை யாருக்குக் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியும்.

என் பெயர் விஜ்தான். இங்கே பல்கலைக்கழகத்தில் கான்கிரீட் பாடம் எடுக்கிறேன். என் ஆராய்ச்சி இடிபாடு. ஊர் முழுக்க அது மலையாகக் கிடந்தது. அரைத்து ஜல்லியாக்கிப் புதுக் கட்டடத்துக்குப் போடுங்கள் என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படியே போட்டால் கொஞ்ச நாளில் விரிசல் விடும். காரணம் ஜிப்சம். எங்கள் பழைய வீடுகளின் சாந்தும் ஜிப்சம், வாசல் நிலைக்கு வைக்கும் சாம்பல் நிறக் கல்லும் ஜிப்சம். சிமெண்டோடு சேர்ந்தால் அது உள்ளுக்குள்ளேயே வீங்கிக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். சந்து சந்தாகப் போய்ச் சாக்கில் அள்ளிவந்து, கான்கிரீட் கட்டைகளாக வார்த்து, அவை பிளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு ஜிப்சம் மிஞ்சினால் தாங்கும் என்று கண்டுபிடிக்கும் கருவிகள் எங்களிடம் இல்லை. நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தன. அங்கே முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம் அறிவித்திருந்தார்கள். அது எனக்கு வேண்டும். வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

பெரியம்மா மகன் சர்மத் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே கடை வைத்திருக்கிறான். விசா, விண்ணப்பம், மொழிபெயர்ப்பு, எல்லாம் அவன் கடையில் நடக்கும். வெளிநாடு போன எங்கள் பையன்களில் பாதிப்பேர் அவன் கைவழியாகப் போனவர்கள்தான். நான் ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன் என்ற கட்டுரையை அவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்ன விஜ்தான் இது, ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஜிப்சம்? படிக்கிறவன் தூங்கிருவான்."

"தூங்குறவன்கிட்ட எனக்கு வேலை இல்லண்ணே."

"லுக்மானைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே."

"அவன் கான்கிரீட் படிக்கல."

"விளையாடாத. நான் அனுப்பி வச்சதுல யாருக்கு இடம் கிடைச்சுது தெரியுமா? படிக்கிறவங்களை அழ வச்சவங்களுக்கு. அவங்களுக்கு உன் மார்க்கு வேணாம், உன் கண்ணீரு வேணும். இடிபாட்டுக்கு அடியில அண்ணன், அதே இடிபாட்டுல தங்கச்சி ஆராய்ச்சி. இப்படி ஒண்ணு கையில இருந்தா நான் சந்திரனுக்கே ஆள் அனுப்புவேன்."

"நீ யாரை வேணா எங்க வேணா அனுப்பு. என் கட்டுரையில கை வைக்காத. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

சரி என்று தலையாட்டினான். வீட்டில் அன்றைக்கு மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. கடைசி நாள் வேறு. விண்ணப்பத்தை அவனையே அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன். சர்மத் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம், இவனை அதுவும் முடியாது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இப்போது குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் கணினியை வைத்தேன். தெருவுக்கே ஜெனரேட்டர் ஓட்டும் அபூ ஸியாதிடம் போய், நான் பேசி முடிக்கும்வரை மின் இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள் என்று கெஞ்சி, வாக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். கணினித் திரைக்குப் பின்னால், என் எதிரே, உம்மா தாம்பாளத்தை மடியில் வைத்து, கோதுமை மாவுக்குள் இறைச்சி வைத்துக் குப்பா தட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து போகச் சொன்னால் போகமாட்டாள். ஊர் வழக்கப்படி மூத்த மகன் பெயரால்தான் அவளைக் கூப்பிடுவார்கள். மகன் போய்விட்டான், அவள் இன்னும் உம்மு லுக்மான்தான்.

திரையில் மூன்று பேர். நடுவில் துறைத்தலைவி ஹன்னேகே. ஒரு பக்கம் குறிப்பெடுக்கும் ஓர் இளைஞர். இன்னொரு பக்கம் டிர்க் என்ற கிழவர், கான்கிரீட்டில் பெரிய கை. அவர் எழுதியதைப் படித்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹன்னேகே குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார். "விஜ்தான், முதல்ல ஒண்ணு சொல்லணும். உங்க அண்ணன் லுக்மானைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சு நாங்க எல்லாரும் கலங்கிட்டோம். இந்த ஆராய்ச்சி உங்களுக்கு மனசளவுல எவ்வளவு பெரிய விஷயம்னு புரியுது."

உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மகன் பெயர் தெரியும். குப்பா தட்டிய கை நின்றது.

சர்மதின் வேலை என்று உடனே புரிந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் இடம் பாதி கைக்கு வந்துவிட்டதும் தெரிந்தது. அந்த முகங்கள் அப்படி இளகியிருந்தன. கண்ணைத் துடைத்து ஒரு நன்றி சொன்னால் போதும். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். எதிரே உம்மா மாவுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை நான் எழுதல," என்றேன். "என்னைக் கேக்காம வேற ஒருத்தர் சேர்த்திருக்கார். தயவு செஞ்சு எடுத்துருங்க."

"அப்ப, அது உண்மை இல்லையா?"

"உண்மைதான். ஆனா அதை நான் உங்களுக்குக் கொடுக்கல."

குறிப்பெடுத்த இளைஞர் பேனாவைக் கீழே வைத்தார். நான் விடவில்லை.

"அதை எடுத்துட்டு மீதி போதுமான்னு பாருங்க. போதலைன்னா என்னை எடுக்காதீங்க. என் அண்ணன் எனக்கு சிபாரிசுக் கடிதம் இல்ல. அவன் பேருல எனக்கு இடம் வேண்டாம்."

"உங்களைப் புண்படுத்தணும்னு நினைக்கல," என்றார் ஹன்னேகே.

"தெரியும். ஜிப்சத்தைப் பத்திக் கேளுங்க."

அப்போதுதான் டிர்க் என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்ற கழுவுற முறை வேலைக்கு ஆகாது. அவ்வளவு ஜிப்சம் கரையறதுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு கணக்குப் போட்டீங்களா? உங்க ஊர்ல தண்ணிக்கே கஷ்டம்."

அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். ஒரு மனிதராவது என் வேலையைத் திட்டினாரே.

"எல்லாத்தையும் கழுவச் சொல்லலையே," என்றேன். "ஜிப்சம் மெத்துன்னு இருக்கும். அரைக்கும்போது முதல்ல அதுதான் தூளாகும். சலிச்சு அந்தத் தூளைப் பிரிச்சா பெரும்பங்கு போயிரும். மிச்சத்தை மட்டும் கழுவுங்க."

"பிரிச்ச தூளை என்ன பண்ணுவீங்க? ஆத்துல கொட்டுவீங்களா?"

"திரும்பச் சுட்டா சாந்து ஆகும். நாங்க மோசுல்காரங்க சார், எதையும் தூக்கிப் போட மாட்டோம்."

"அந்தத் தூள்ல மண்ணும் சிமெண்டும் கலந்து கிடக்கும். நல்ல சாந்து ஆகும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதுக்குத்தான் உங்க கருவி வேணும்."

கிழவர் சிரித்துவிட்டார். அதன்பிறகு மற்ற இருவரையும் நாங்கள் பேசவே விடவில்லை. அபூ ஸியாத் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கணினியை மூடியதும் உம்மா கேட்டாள். "அந்தப் பொம்பளை ஏன் என் மகன் பேரைச் சொன்னா?"

நடந்ததைச் சொன்னேன்.

"நீ என்ன சொன்ன?"

"தர மாட்டேன்னு சொன்னேன்."

"இடம் போச்சா?"

"போயிருக்கலாம்."

"போனா போகட்டும்." மறுபடி குப்பாவை எடுத்தாள். "சர்மதை வரச் சொல்லு. சூடாச் சாப்பிட்டுட்டு, நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கிட்டுப் போகட்டும்."

வந்தான். தலை குனிந்திருந்தது, வாய் குனியவில்லை. "இவளுக்கு எப்படியாவது கிடைக்கணும்னுதானே செஞ்சேன் சின்னம்மா."

"என் மகனை வித்துத்தான் என் மக படிக்கணும்னா, அவ இங்கேயே கிடந்து கான்கிரீட் கிண்டட்டும்," என்றாள் உம்மா. "இன்னும் ரெண்டு குப்பா வச்சுக்க." அவன் கண்ணில் நீர் வந்தது. கோபம் எனக்குத் தீரவில்லை, இன்றுவரை முழுசாகத் தீரவில்லை.

இடம் கிடைத்தது. டிர்க்கே எழுதியிருந்தார், அந்தத் தூளில் ஒரு மூட்டை கொண்டுவா என்று. நான் வீடு முழுக்கக் குதித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

அடுத்த வாரம் அதே பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல். புதிதாகச் சேர்பவர்களைப் பற்றித் தங்கள் இணையப் பக்கத்தில் போடுவார்களாம். இடிந்த எங்கள் வீட்டின் முன் நிற்பதுபோல் ஒரு படமும், குடும்பத்தைப் பற்றி நாலு வரியும் வேண்டுமாம்.

"இப்பதான் கிடைச்சிருச்சே, ஒரு போட்டோதானே," என்றான் சர்மத். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

பிளந்துபோன என் கான்கிரீட் கட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்து, அந்த முகத்தைப் படமெடுத்து அனுப்பினேன். கீழே ஜிப்சத்தின் விழுக்காட்டை மட்டும் எழுதினேன். ஆள் இருக்கும் படம் அனுப்பமுடியுமா என்று மறுபடி கேட்டார்கள். முடியாது என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். வேறு வழியில்லாமல் அதையே போட்டார்கள். வரிசையாகச் சிரிக்கும் முகங்களுக்கு நடுவே என் கட்டை.

உம்மாவிடம் கைபேசியில் காட்டினேன். கண்ணுக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். சிமெண்டுக்குள் பதிந்திருந்த சாம்பல் நிறத் துண்டின்மேல் விரலை வைத்தாள்.

"இது நம்ம வாசல் கல்லு."

"ஆமா உம்மா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத," என்றாள்.