தாழ் திறந்த சத்தம்

பேராசிரியர் டியர்னி உரையை முடித்து, யாருக்காவது ஏதாவது கேட்க இருக்கிறதா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அரங்கைப் பார்த்தார். டிம்ப்னா கில்மார்ட்டின் கையைத் தூக்கினாள். ஒரு நாடகாசிரியரைப் பற்றிய மூன்று நாள் கோடைப்பள்ளியில் அது இரண்டாம் நாள் காலை. ஊர்ச் சமூகக்கூடத்தின் தகரக்கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. டப்ளினிலிருந்தும் கால்வேயிலிருந்தும் வந்திருந்தவர்கள் ஈரக் கோட்டுகளை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, மடியில் நாடகப் பிரதியோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் பாதிப்பேர் தேநீர் போட வந்தவர்கள்.

போகாதே என்றுதான் அவள் தம்பி மாலகி சொன்னான். "அந்த வாத்தியாரும் செத்தாச்சு, அம்மாவும் செத்தாச்சு. நீ போய் யார்கிட்ட வழக்காடப் போற? கோட்டு நனையறதுதான் மிச்சம்."

வாத்தியார் என்றால் கார்மக் லோன். டிம்ப்னாவின் சிறுவயதில் அவர்கள் வீட்டு மாடியறையில் இரண்டு குளிர்காலம் வாடகைக்கு இருந்த பள்ளி ஆசிரியர். பிறகு தலைநகருக்குப் போய் நாடகம் எழுதினார். கல்யாணமாகாமல் கர்ப்பமான மூத்த மகளை மழையில் வெளியே நிறுத்தி, தன் கையாலேயே கதவைத் தாழிடும் ஒரு தாயைப் பற்றிய நாடகம். பெயர்களை மாற்றியிருந்தார். ஆனால் வீடு அந்த வீடுதான், அடுப்பும் அந்த அடுப்புதான். ஊருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டிம்ப்னாவின் தாய் ஹானர் கில்மார்ட்டின் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. அதன்பின் சாகும்வரை அவள் தேவாலயப் பூசைக்குப் போனால் கடைசி வரிசையில், வாசலை ஒட்டித்தான் நின்றாள். டிம்ப்னாவிடம் ஒரே ஒருமுறை சொன்னாள்: "அவரு மேல இருந்தாரு, பாவம். சத்தம் மட்டுந்தான் கேட்டிருக்கும்."

ஒலிவாங்கி கைமாறி கைமாறி வந்தது. டிம்ப்னா எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது பேரை ஏவி வேலை வாங்கியவள்தான். இருந்தும் குரல் மெலிந்து வந்தது.

"அந்தம்மா என் அம்மா. தாழ் போட்டது அப்பா. அம்மா அதைத் திறந்தா. திறந்துட்டு, வீட்டுச் செருப்போட அக்கா பின்னாடியே போனா. வெளிநாட்டுக் கப்பலுக்குப் போற பஸ் வர்ற வரைக்கும் நாற்சந்தியில அவளைக் கட்டிப் பிடிச்சிட்டு நின்னுருக்கா. நான் அடுக்களையில இருந்தேன். பார்த்தேன். வாத்தியார் கேட்டது தாழ் திறந்த சத்தம்."

டியர்னி நெஞ்சில் கைவைத்தார். அவர் நல்ல மனிதர்; கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

"ரொம்ப நன்றி, டிம்ப்னா. இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு நாடகத்துக்குக் கிடைக்க முடியாது. இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு மகளை எழுந்து நிக்க வைக்குது பாருங்க."

கைதட்டினார்கள். அவள் வேறென்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஒலிவாங்கி பின்வரிசைக்குப் போய்விட்டது. அங்கே ஒருவர், தாழ்ப்பாளை நாட்டின் குறியீடாகப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றார் டியர்னி.

தேநீர் இடைவேளையில் ஆளாளுக்கு வந்து அவள் கையைப் பிடித்தார்கள். டப்ளினிலிருந்து வந்த குண்டு மனிதர் ஒருவர் ஹாம் சாண்ட்விச்சை மென்றபடி, "உங்க ஊர் மழைக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வேணாம் போலிருக்கே, எல்லா உரைக்கும் வந்து உக்காந்துக்குது" என்று அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். சிரித்தாள். வேறு என்ன செய்வது?

அன்று மாலை நாடகத்தில் தாயாக நடிக்கவிருந்த ஓர்லா அவளைச் சன்னல் பக்கம் தனியே அழைத்துப்போனாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நகத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள்.

"நீங்க பேசினதுலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் எப்படிப் போய் அந்தத் தாழைப் போடுவேன்?"

"போடாதீங்களேன்."

"ஒரு வார்த்தைகூட மாத்த முடியாது. நாடகத்தோட உரிமை லோன் குடும்பத்துகிட்ட இருக்கு." சன்னலிலிருந்து டிம்ப்னா பக்கம் திரும்பினாள். "ஆனா அவங்களை உங்க அம்மாவா ஆக்க முடியும். வெறும் ராட்சசியா இல்லாம. எப்படி நிப்பாங்க, சொல்லுங்க. கஷ்டம்னா என்ன செய்வாங்க?"

இத்தனை காலத்தில் யாரும் டிம்ப்னாவிடம் அப்படிக் கேட்டதில்லை. பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. அம்மாவின் ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். பெரிய காரியம் எதையும் செய்யுமுன் கையில் ஈரமே இல்லாவிட்டாலும் இடுப்பில் கட்டிய ஏப்ரனில் துடைத்துக்கொள்வாள், முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நடந்தும் காட்டினாள். ஓர்லா கூடவே நடந்து பார்த்தாள்.

மாலையில் அவளுக்கு நடுவரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மேடையில் அடுப்பு, மேசை, கதவு. மகளாக நடித்த பெண் அழுதுகொண்டே வெளியேறினாள். ஓர்லா எழுந்தாள். ஒரு தோள் தாழ்ந்திருந்தது. கதவை நோக்கி இரண்டடி வைத்தாள், நின்றாள். புறங்கையைத் துடைத்தாள். உள்ளங்கையைத் துடைத்தாள். டிம்ப்னா தன்னையறியாமல் "அம்மா" என்றாள்.

அம்மா போய்த் தாழைப் போட்டாள்.

யாரோ விம்மினார்கள். டிம்ப்னா கண்ணை மூடி, அந்தப் பழைய மாலையைத் தேடினாள்: அப்பாவின் முதுகு, அடுக்களைக் கதவிடுக்கு, வீட்டுச் செருப்பு. எல்லாம் இருந்தன. ஆனால் கதவருகே போன உருவம் இப்போது ஓர்லாவின் முகத்தோடு திரும்பி, இரும்பை இழுத்து அழுத்திக்கொண்டிருந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் அதேதான். எழுந்து போய்விடலாமென்றால் இருபுறமும் முழங்கால்கள். பக்கத்திலிருந்த குண்டு மனிதர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா," என்று அவள் காதருகே கிசுகிசுத்தார். "நிஜம்னா இதுதாங்க நிஜம்."

விளக்குகள் எரிந்தன. நடிகர்கள் வரிசையாகக் குனிந்தார்கள். ஓர்லா மட்டும் மேடை விளிம்புவரை வந்து கண்களுக்கு மேல் கையைக் குடைபிடித்துத் தேடினாள். கண்டுபிடித்ததும் முகம் மலர, டிம்ப்னா இருந்த பக்கம் இரு கைகளையும் நீட்டினாள். முன்வரிசைகள் திரும்பின. பின்வரிசைகள் எழுந்தன. அத்தனை முகங்களும் ஈரமாக, அன்பாக, அவளைப் பார்த்துக் கைதட்டின. குண்டு மனிதர் அவள் காலடியிலிருந்த பையை நகர்த்தி, முழங்கையைத் தாங்கி, "எந்திரிங்க, எந்திரிங்க, உங்களுக்குத்தான்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். கைதட்டல் இன்னும் கூடியது.