பின்னல் நனையக் கூடாது

எங்கள் நகருக்குள் ஏரி வரும்போது தலைமுடியைத்தான் முதலில் படகில் ஏற்றுவார்கள். ஆட்கள் அதற்குப் பிறகுதான். மனை போட்டவர்கள் ஏரியின் மேலேயே போட்டுவிட்டதால், ஒவ்வொரு ஐப்பசியிலும் ஏரி தன் இடத்தைப் பார்க்க வரும். சில நாள் தங்கும். அது கிளம்பும்வரை நாங்கள் மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் இருப்போம். ஏரியின் மேல் யாருக்கும் வருத்தம் கிடையாது. அதன் இடம், அது வருகிறது.

முடியில் இரண்டு வகை உண்டு. நேராக்கிய முடி, கத்தரித்த முடி, சாயம் போட்ட முடி எல்லாம் மேஜர். தன் பொறுப்பில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், நனையலாம். தானாக வளர்ந்த சுருட்டை முடி மட்டும் எத்தனை வயதானாலும் மைனர்தான். அது வெளியே போனால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளித்தண்ணீர் அதன் மேல் படக் கூடாது. என்னுடையது சுருட்டை. பின்னினால் இடுப்பைத் தாண்டும்.

என் கல்யாணமே இந்தப் பின்னலுக்காக நடந்ததுதான். பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பாடச் சொல்லவில்லை, சமைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. என் கணவர் தனசேகரின் அக்கா குணவதி எனக்குப் பின்னால் வந்து நின்று, சவுரி வைத்திருக்கிறேனா என்று பின்னலைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தார். சொந்த முடிதான் என்று தெரிந்ததும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். அன்று பிடித்ததைக் குணவதி அண்ணி முழுசாக விட்டதாக எனக்கு நினைவில்லை. நான் மார்க்கெட்டுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவர் நுனியைப் பிடித்தபடி பின்னாலேயே வருவார். என்ன ஒரு பாசம் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

போன வருடம் ஏரி என் கழுத்துவரை வந்தது. படகில் அண்ணி, என் கணவர், பின்னல் மூவரும் உட்கார்ந்தார்கள். பின்னலுக்குக் கீழே ஒரு பழைய பட்டுப்புடவையை மடித்துப் போட்டிருந்தார்கள். நான் படகை ஒட்டி நடந்தே வந்தேன். மண்டபத்தில் எல்லோரும் பின்னலைத் தொட்டுப் பார்த்து, ஒரு சொட்டுக்கூடப் படவில்லையே என்று அண்ணியைப் பாராட்டினார்கள். என் காதுக்குள் சேறு போயிருந்தது. அதைக் குடைந்து எடுக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஏரி வருடத்துக்கு வருடம் வளர்கிறது, நான் வளரவில்லை. அடுத்த முறை அது என் தலைக்கு மேல் போகும். நீந்தத் தெரியாவிட்டால் செத்துப்போவேன்.

இதை வீட்டில் சொன்னேன்.

"நீச்சலா? முடி என்ன ஆகறது?" என்றார் அண்ணி.

"நான் பார்த்துக்கறேன் அண்ணி."

"நீ எங்க பாக்கறது? அது உனக்குப் பின்னாடி இல்ல இருக்கு."

அது உண்மைதான். என் கணவர், அக்காவும் கூடப் போவதென்றால் போகட்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீச்சல் குளத்தில் பெண்களுக்கான வகுப்பு மதியத்தில் நடந்தது. சொல்லிக்கொடுப்பவர் பெயர் பிலோமினா. வயது என்ன, உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்றெல்லாம் கேட்காமல் நேராக என் பின்னலைப் பார்த்தார். முடி கெடாமல் இருக்க ஒரு முறை இருக்கிறதாம். முதலில் நல்ல தண்ணீரில் தலையை நன்றாக நனைத்துவிட வேண்டும். முடி வயிறு முட்டக் குடித்துவிட்டால் குளத்து மருந்துத் தண்ணீரைக் குடிக்காது. அப்புறம் தேங்காய் எண்ணெய், அதற்கு மேல் ரப்பர் தொப்பி.

"நனைக்கவே கூடாதுங்கறேன், முதல்லயே நனைக்கணும்னா எப்படிங்க?" என்றார் அண்ணி.

அதனால் எண்ணெய் மட்டும் போட்டுத் தொப்பி மாட்டிப் பார்த்தோம். இருந்ததிலேயே பெரிய தொப்பி. இரண்டு பேர் இழுத்துப் பிடித்துப் பாதிவரை மாட்டினார்கள். கையை எடுத்ததும் அது பறந்துபோய்க் குளத்தின் அந்தப் பக்கம் விழுந்தது. இன்னொரு முறை மாட்டினார்கள். அதுவும் அதே இடத்தில் போய் விழுந்தது.

கடைசியில், பின்னலைக் கரையிலிருந்து பிடித்துக்கொள்வது என்று முடிவானது. அண்ணி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நுனியைக் கையில் சுற்றிக்கொண்டார். பின்னலின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் நான் நீந்தலாம். மற்ற பெண்கள் நடுக்குளத்தில் கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரமாக, கட்டிப்போட்ட மாடு மேய்கிற அளவுக்கு ஒரு இடத்தில் நீந்தினேன். சுருட்டை முடி காய்ந்திருக்கும்போது சுருங்கியிருக்கும். நனைந்தால் நீளும், இன்னும் ஒரு முழம் கிடைக்கும். ஆனால் நனையக் கூடாது.

பிலோமினா தினமும் ஒன்றையே சொன்னார்.

"தலையை உள்ள விடும்மா. தலை மேல நின்னா கால் கீழ போயிடும். தண்ணி தூக்கணும்னா நீ முதல்ல முகத்தைக் கொடுக்கணும்."

நான் முகத்தைக் கொடுக்கப் போவேன், பின்னாலிருந்து இழுப்பு வரும். தலை மேலே வரும், கால் கீழே போகும். மாலையில் எனக்குப் பிடரி வலிக்கும், அண்ணிக்கு மணிக்கட்டு வலிக்கும். இருவருக்கும் ஒரே தைலத்தை என் கணவர்தான் தேய்த்துவிடுவார். அண்ணிக்கு முதலில்.

ஒரு நாள் அண்ணி நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். பிலோமினா என்னைப் பார்த்துத் தண்ணீரைக் கையால் காட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே விட்டேன். கால் தானாக மேலே வந்தது. யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை, ஆனாலும் நான் கீழே போகவில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் எனக்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அண்ணி கண் விழித்தபோது பின்னல் அவர் கையில் தொளதொளவென்று கிடந்தது. காலையில் இடுப்பளவு இருந்தது இப்போது முழங்கால்வரை நீண்டிருந்தது. அவர் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து சாம்பிராணி போட்டு, புகைக்குள் உட்கார்ந்து அழுதார்.

"ஏன் சாரு, அக்கா இவ்வளவு தூரம் உனக்காக வந்து உட்கார்றாங்க. நீ இப்படிப் பண்ணலாமா?" என்றார் என் கணவர்.

"நான் மிதந்தேங்க. நெசமாவே மிதந்தேன்."

"நல்லது. ஆனா முடி பிசுபிசுன்னு ஆயிடுச்சே."

அத்துடன் வகுப்பு நின்றது.

ஏரி இந்த வருடம் சீக்கிரமே வந்தது. காலையில் நகர் நலச் சங்கத்தார் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, ஏரி ரேஷன் கடைவரை வந்துவிட்டது, எல்லோரும் அவரவர் முடியைத் தயார் நிலையில் வைத்துக்கொள்ளவும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அண்ணி எனக்குத் தலை வாரி, இறுக்கிப் பின்னி, மல்லிகை வைத்தார். மாடிப்படியின் பாதியில் படகு வந்து நின்றது. அண்ணி ஏறினார், என் கணவர் ஏறினார், பின்னலை எடுத்துப் பட்டுப்புடவையின் மேல் வைத்தார்கள்.

நான் காலைத் தூக்கி வைக்கப் போனேன். படகு தள்ளுகிறவர் மரியாதையாகக் கையைக் காட்டித் தடுத்தார்.

"வீட்டுக்கு மூணு இடம்தாம்மா. மூணும் ஆயிடுச்சு."

"அந்த முடி என் தலையில இருக்கறதுங்க."

"அதான் கூடவே வர்றீங்களே."

படி முடிந்த இடத்தில் எனக்குத் தரை இல்லை. போன வருடம் நடந்த தெருவின் மேல் இந்த வருடம் தொங்கினேன். அண்ணி பின்னலைத் தூக்கிப் பிடித்திருந்ததால் தலை மட்டும் வெளியே இருந்தது. கால் கீழே போய்க்கொண்டிருந்தது. மருந்துக்கடை முனையில் ஏரி திரும்புகிற இடத்தில் இழுப்பு அதிகம். அங்கே நான் தண்ணீர் குடித்தேன்.

"அண்ணி, கொஞ்சம் விடுங்க. ஒரு தடவை தலையை உள்ள விட்டாத்தான் எனக்கு மூச்சு வரும்."

"விட்டா நனைஞ்சிடும் சாரு."

"செத்துப்போயிடுவேன் அண்ணி."

"அப்படியெல்லாம் பேசாத, நல்ல நாளும் அதுவுமா."

அன்று வெள்ளிக்கிழமை. என் எடையில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இப்படிப் போனால் எல்லோரும் கவிழ வேண்டியதுதான், ஏதாவது ஒன்றை விடுங்கள் என்றார் படகுக்காரர். என் கணவர் பின்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் பின்னலைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் இருந்த கொஞ்சநஞ்சமும் அந்த மூன்றாவது பார்வையில் போயிற்று. அண்ணி பையிலிருந்து பூநார் வெட்டுகிற கத்தரியை எடுத்தார். நீளம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தலையை ஒட்டி, ரொம்ப நிதானமாக வெட்டினார். பின்னல் படகோடு போயிற்று. அதன் மேல் குடையை விரித்துப் பிடித்தார்கள்.

நான் முகத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தேன். கால் மேலே வந்தது. மூச்சு வாங்க முகத்தைத் திருப்பும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு இழுப்பை எதிர்பார்த்துக் கழுத்து விறைத்தது. இழுப்பு வரவில்லை. மின்கம்பத்துக்கு மின்கம்பம் நின்று நின்று போனேன். கோபமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

மண்டபத்துப் படியில் ஏறியபோது வாசலில் இருந்த பெண் துண்டைக் கொடுத்து, யார் வீடு என்று கேட்டாள். சொன்னேன். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"அவங்க வீட்ல எல்லாரும் வந்துட்டாங்களாம். நீங்க தண்ணியில வந்தவங்க பக்கம் உட்காருங்க."

அந்தப் பக்கம் ஏற்கெனவே சில பெண்கள் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் காதுக்குக் கீழே முடி இல்லை. ஒருத்தி நகர்ந்து எனக்குப் பாயில் இடம் கொடுத்தாள்.

மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் நாற்காலியில், என் பின்னலை வைத்திருந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் அதற்கும் ஒன்று வந்தது. சாயங்காலம் என் கணவர் என்னிடம் வந்து, நீ நல்லா நீந்தின, பார்த்தேன் என்றார். அவர் மேடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் பின்னலின் வெட்டுப்பட்ட பக்கத்தில் ஒரு பிடரி முளைத்திருந்தது. அதற்கடுத்த நாள் காதுகளும் நெற்றியும் வந்தன. அண்ணி இளஞ்சூட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். முகம் வந்தபோது மண்டபத்தில் எல்லோரும் அப்படியே சாருமதிதான் என்றார்கள். தோளும் கையும் வந்ததும் என் புடவைகளில் ஒன்றைச் சுற்றிவிட்டார்கள்.

நான் மேடைக்குப் போனேன்.

"இவங்களுக்கு நீச்சல் தெரியுமா அண்ணி?"

"அது எதுக்கு? நாங்கதான் பிடிச்சிருக்கோமே."

நாற்காலியில் இருந்தவள் என்னைப் பார்த்துவிட்டு என் கணவரிடம், யாருங்க இவங்க என்று மெதுவாகக் கேட்டாள். குரல் என்னுடையதுதான். தண்ணியில வந்தவங்க என்றார் அவர். அவள் இரக்கத்தோடு தலையை ஆட்டி, காபி குடிச்சீங்களா என்று என்னைக் கேட்டாள். குடித்துவிட்டேன் என்றேன்.

அண்ணியைச் சாப்பாட்டு வரிசைக்குக் கூப்பிட்டார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் கணவரும் அதற்குள் வரிசைக்குப் போய்விட்டிருந்தார். அண்ணி பின்னல் நுனியை என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சிக்கோம்மா. வந்துடறேன்."

வாங்கிப் பிடித்துக்கொண்டேன். மண்டபத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. சொட்டு விழுகிற இடம் பக்கத்தில்தான் இருந்தது. பின்னலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.