தேய்த்து வெளுத்த பாறை

இரவெல்லாம் கரையோடு மல்லாடிய அலைகள் களைத்துப் பின்வாங்க, கதிரவன் இளவெயிலை நீர்மேல் விரித்த காலைப்பொழுது அது. மீன்கூடைகள் இறங்கும் துறையைக் கடந்து, ஏலக்குரல்கள் எட்டாத தொலைவில், கடலுக்குள் முழங்காலளவு இறங்கி நின்ற கரும்பாறை ஒன்றை நோக்கி, பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் அம்மையார் கண்ணாடித் தாளும் எழுதுகோலும் ஏந்தி நடந்தார். அப்பாறைமேல் உள்ளங்கை அகலத்தில் பொன்மஞ்சள் நிறக் கற்பாசி ஒன்று படர்ந்திருந்தது. ஆண்டு முழுதும் உப்புக்காற்றை உண்டும் அது கடுகளவே வளரும். அவ்வளர்ச்சியை அளக்க, ஆண்டுதோறும் அதே நாளில் தாளை மேலே வைத்து, விளிம்பை வரைந்து, இருபத்தொரு தாள்கள் சேர்த்திருந்தார் அவர். நமக்கோ, அன்பரே, உலை கொதிக்கும்வரை காத்திருக்கவே உயிர் போகிறது!

அன்று பாறை வெறுமையாய் இருந்தது. கழுவிய அம்மிபோல் வெளுத்திருந்த அதன்மேல், கம்பித் தூரிகையைப் பிடித்தபடி, முகமெல்லாம் பல்லாக அவருடைய கணவர் வீற்றிருந்தார். முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் துரு சுரண்டி வண்ணம் பூசிய அவர், பணி ஓய்ந்து வீடு திரும்பி ஒரு திங்களே ஆகியிருந்தது. மஞ்சளாய் எதைக் கண்டாலும் துருவென்றெண்ணும் கை, சும்மா இருக்குமா?

"வா, வா. நீ எனக்காக உட்கார்ந்து காத்திருந்த இடமாச்சே! துருப்பிடிச்ச மாதிரி கிடந்துச்சு. விடிஞ்சதுலேருந்து தேய்ச்சேன். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து உட்காரலாம்."

'இன்றும் பாறைக்குப் போய் வந்தேன்' என்று கணவருக்கு மடலுக்கு மடல் எழுதியவர் அம்மையாரே. எதற்கென்று ஒருநாளும் எழுதியதில்லை.

"அது துரு இல்லீங்க, உயிர். இருபத்தொரு வருசமா அதைத்தான் அளந்துக்கிட்டிருந்தேன்," என்றார், சினத்தில் குரல் நடுங்க.

கணவரின் கையிலிருந்து தூரிகை நழுவியது. தான் தேய்த்த இடத்தைக் குனிந்து பார்த்தவர், "அப்போ... என்னைப் பார்க்க வரலையா?" என்றார்.

அந்த முகத்தைக் கண்டதும் அம்மையாரின் சினம் பாதியிலேயே நின்றது. "முதல்ல உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். கடலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. குனிஞ்சா, இது இருந்துச்சு."

"திரும்ப வருமா?"

"பத்து வருசம் ஆகலாம். நாம பார்க்காமலும் போகலாம்."

"எனக்கு இனி கப்பல் இல்ல," என்றார் கணவர்.

அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டு, புதுத்தாளை வெற்றுப் பாறைமேல் விரித்தார். காற்று அதைப் பறிக்க முனைய, கணவரின் காய்த்துப்போன விரல்கள் ஓரங்களை அழுத்திப் பிடித்தன. வரைவதற்கு விளிம்பேதும் இல்லாமையால், அன்றைய நாளை மட்டும் குறித்தார் அம்மையார். இழந்த ஆண்டுகளை மீட்டுத் தரும் ஆற்றல் எவர்க்கும் இல்லை; எஞ்சிய ஆண்டுகளை அருகிருந்து கழிக்கும் பேறே மாந்தர்க்கு வாய்த்தது. அவ்விருவர்க்கும் அது அன்றைக்குத்தான் தொடங்கியது.